பவுடர் தீப்பிடிக்குமான்னு டெஸ்ட் எடுத்து கிளாஸ் போடறது எப்படி: என்.1 டெஸ்டுக்கு முதல்முறை போறவங்களுக்கு

கடலூர் சிப்காட்ல ஒரு சின்ன கெமிக்கல் யூனிட்ல க்யூஏ பாத்துக்கிட்டு இருக்கேன். நாங்க பண்றது ஒரு ஆர்கானிக் இன்டர்மீடியட், வெளிர் மஞ்சள் பவுடர், 25 கிலோ ஃபைபர் டிரம்ல போடறோம். ஜெர்மனிலேருந்து முதல் ஆர்டர் வந்தப்ப எஸ்டிஎஸ் (பொருளோட பாதுகாப்பு விவரத் தாள்) அனுப்பினோம், அதுல 9-ஆம் பிரிவுல ஃப்ளேமபிலிட்டிக்கு நேரா "நாட் அப்ளிகபிள்"னு போட்டிருந்துச்சு, எப்பவோ யாரோ வேற ஒரு எஸ்டிஎஸ்லேருந்து எடுத்து ஒட்டினது. கஸ்டமர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க, எந்த டெஸ்ட் ரிப்போர்ட்டை வச்சு இப்படி எழுதியிருக்கீங்கன்னு. அந்த ஒரு கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல எங்களுக்கு 11 வாரம் ஆச்சு. வழி தெரிஞ்சிருந்தா நாலு வாரத்துல முடிஞ்சிருக்கும். பவுடர்ல தீ எவ்வளவு வேகமா பரவுதுன்னு பாக்கற யூஎன் டெஸ்டுக்குத்தான் என்.1னு பேரு, அதை வச்சுத்தான் கிளாஸ், அதாவது ஆபத்து வகை, போடறது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேணாம்னுதான் இதை எழுதறேன்.

1. டெஸ்டே தேவையான்னு முதல்ல பாருங்க

லேபுக்கு போன் போடறதுக்கு முன்னாடி யூஎன் டேஞ்சரஸ் கூட்ஸ் லிஸ்ட்டை திறந்து உங்க பொருள் பேரு அதுல நேரடியா இருக்கான்னு தேடுங்க. நாப்தலின் யூஎன் 1334, பாராஃபார்மால்டிஹைடு யூஎன் 2213, கந்தகம் யூஎன் 1350, இப்படி பேரோடயே இருக்கு. நம்ம வீட்டுல சாமிக்கு ஏத்தற கற்பூரம் கூட, சிந்தெடிக் கேம்ஃபர்னு யூஎன் 2717, கிளாஸ் 4.1 (சுலபமா தீப்பிடிக்கிற திடப்பொருள்), பேக்கிங் குரூப் 3 (ஆபத்து எவ்வளவுங்கறதுக்கான படி, 1 அதிகம், 3 கம்மி). பேரு இருந்துட்டா கிளாஸ் ஏற்கனவே முடிவான விஷயம், காசு செலவு பண்ணி டெஸ்ட் எடுக்க வேண்டியதில்ல.

ஆனா பேரோட பக்கத்துல இருக்கற ஸ்பெஷல் ப்ரொவிஷன் நம்பரை கண்டிப்பா படிங்க. கந்தகத்துக்கு 242னு ஒண்ணு இருக்கு, குருணை, உருண்டை, செதில் மாதிரி குறிப்பிட்ட வடிவத்துல ஆக்கி அனுப்பினா டேஞ்சரஸ் கூட்ஸ் விதிகள் பொருந்தாது, தூளா அனுப்பினா பொருந்தும். பொருள் ஒண்ணுதான், வடிவம் மாறினா கதை மாறுது. இதை மனசுல வச்சுக்கங்க, 5-ஆம் ஸ்டெப்ல திரும்ப வரும்.

2. வெடிக்கிற வகையான்னு பேப்பர்ல பாத்துட்டு அப்புறம் நெருப்பு காட்டுங்க

மாலிக்யூல்ல நைட்ரோ, அசைடு, அசோ, பெராக்சைடு மாதிரி குரூப் இருந்தா நேரா என்.1 டெஸ்டுக்கு போகவே கூடாது. முதல்ல டிஎஸ்சி (பவுடரை சூடாக்கி எவ்வளவு வெப்பம் வெளியாகுதுன்னு அளக்கற டெஸ்ட்) எடுங்க, அதுக்கு சில மில்லிகிராம் பவுடர் போதும். 500 டிகிரிக்கு கீழ ஆரம்பிக்கிற டிகம்போசிஷன்ல எனர்ஜி கிராமுக்கு 500 ஜூலுக்கு கம்மின்னா வெடிபொருள் டெஸ்ட் பக்கம் போக வேண்டியதில்ல, 300 ஜூலுக்கும் கம்மின்னா செல்ஃப் ரியாக்டிவ் (தானாவே சிதைஞ்சு சூடாகற வகை)ங்கற சந்தேகமும் தீந்துடும். நல்ல லேப் எதுவா இருந்தாலும் ஸ்ட்ரக்சர் என்னன்னு கேக்காம சாம்பிள் வாங்க மாட்டாங்க. கேக்காத லேப்னா எனக்கு பயம்தான் வரும், ஏன்னா பர்னர் முன்னாடி நிக்கப்போறது அங்க வேலை செய்யற ஒரு பையன்.

சில பேரு, நம்ம ஃபேக்டரிலயே ஒரு டைல்ஸ் மேல கொட்டி லைட்டர் வச்சு பாத்துடலாமேன்னு சொல்வாங்க. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. எரியும்போது என்ன புகை வரும்னு தெரியாது, குளோரின், சல்ஃபர் இருக்கற மாலிக்யூலா இருந்தா அந்த புகை ஆளையே சாய்ச்சுடும்.

3. டெஸ்டோட சரியான பேரைச் சொல்லி கேளுங்க

எங்களுக்கு முதல் அடி விழுந்தது இங்கதான். "ஃப்ளேமபிலிட்டி டெஸ்ட் வேணும்"னு மெயில் போட்டோம். ஒரு லேப் பிளாஸ்டிக்குக்கு பண்ற யூஎல் 94க்கு கொட்டேஷன் அனுப்பினாங்க, இன்னொரு இடத்துல ஃப்ளாஷ் பாயிண்ட் எடுத்து தரேன்னாங்க. ஃப்ளாஷ் பாயிண்ட்ங்கறது திரவத்துக்கு, பவுடரோட கிளாஸை அதை வச்சு போட முடியாது. மூணாவதா ஒரு லேப் ஏ.10 மெத்தட்ல பண்ணி ரிப்போர்ட் குடுத்தாங்க, நாங்களும் முடிஞ்சுதுன்னு நிம்மதியா அனுப்பிட்டோம்.

ஏ.10ங்கறது ஐரோப்பிய யூனியனோட டெஸ்ட் மெத்தட்ஸ் ரெகுலேஷன் 440/2008ல இருக்கறது. பாக்க என்.1 மாதிரியே இருக்கும், அதே 250 மில்லிமீட்டர் நீளம், அதே 45 செகண்ட் கணக்கு. ஆனா நடுவுல ஈரம் பண்ணி தீ நிக்குதான்னு பாக்கற பகுதி அதுல கிடையாது, அதனால பேக்கிங் குரூப் 2ஆ 3ஆன்னு அதை வச்சு சொல்லவே முடியாது. சரக்கை ஏத்தி அனுப்பற ஃபார்வர்டர் அந்த ரிப்போர்ட்டை பாத்துட்டு இது டிரான்ஸ்போர்ட்டுக்கு ஆகாதுன்னு திருப்பி அனுப்பிட்டாரு.

அதனால மெயில்ல இப்படியே எழுதுங்க: "யூஎன் மேனுவல் ஆஃப் டெஸ்ட்ஸ் அண்ட் க்ரைட்டீரியா, பார்ட் 3, டெஸ்ட் என்.1, ஸ்க்ரீனிங்கும் தேவைப்பட்டா பர்னிங் ரேட் டெஸ்டும், வெட்டட் ஜோன் சேத்து." வெட்டட் ஜோன்னா அந்த ஈரம் பண்ற பகுதி. இந்த ஒரு வரி இருந்தா சரக்குக் கப்பலுக்கும் ஏர் கார்கோவுக்கும் ஜிஹெச்எஸ் (உலகப் பொது ஆபத்து வகைப்பாடு) லேபிளுக்கும் ஐரோப்பாவோட வகைப்பாடு, லேபிள் விதியான சிஎல்பிக்கும் ஒரே ரிப்போர்ட் போதும்.

இன்னொரு குழப்பமும் இருக்கு. தூசி காத்துல பறந்து வெடிக்குமாங்கறது வேற டெஸ்ட், 20 லிட்டர் உருண்டைல பண்றது. என்.1ல பாஸ் ஆன பவுடர் கூட மில் ரூம்ல தூசியா பறக்கும்போது வெடிக்கலாம். என்.1 ரிப்போர்ட்டை காட்டி ப்ளாண்ட்ல எர்த்திங் வேண்டாம்னு யாராச்சும் சொன்னா ஒத்துக்காதீங்க.

4. லேப், கொட்டேஷன், காசு

லேப் என்ஏபிஎல் (லேபுகளுக்கு அங்கீகாரம் குடுக்கற இந்திய அமைப்பு) அக்ரெடிட்டேஷன் வச்சிருக்கான்னு மட்டும் பாக்காதீங்க. என்ஏபிஎல் வெப்சைட்ல ஒவ்வொரு லேபுக்கும் ஸ்கோப் டாக்குமென்ட் இருக்கும், அதுல என்.1 டெஸ்ட் பேரு இருக்கணும். தண்ணி டெஸ்டுக்கு அக்ரெடிட்டேஷன் வாங்கின லேப் லெட்டர்பேட்ல அதே லோகோவை போட்டிருப்பாங்க, நாமளும் ஏமாந்துடுவோம். ஐரோப்பாவுக்கு அனுப்பறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், சிஎல்பி விதிப்படி 2014 ஜனவரி 1லேருந்து புதுசா எடுக்கற ஃபிசிக்கல் ஹசார்ட் டெஸ்ட் எல்லாம் அங்கீகாரம் உள்ள குவாலிட்டி சிஸ்டம்படி நடந்திருக்கணும். ஐஎஸ்ஓ 17025 (லேப் தரத்துக்கான ஸ்டாண்டர்ட்) இருந்தா போதும். ஜிஎல்பி (குட் லேபரட்டரி ப்ராக்டிஸ்) வேணுமேன்னு சிலர் பயமுறுத்துவாங்க, இந்த டெஸ்டுக்கு அது கட்டாயம் இல்ல, ஜிஎல்பின்னா செலவு நல்லா ஏறும், அதனால கஸ்டமர் எழுத்துல கேட்டா மட்டும் போங்க.

கொட்டேஷன் கேக்கும்போது ஸ்க்ரீனிங்குக்கு தனி ரேட்டு, முழு டெஸ்டுக்கு தனி ரேட்டுன்னு ரெண்டா பிரிச்சு கேளுங்க. ஸ்க்ரீனிங்லயே தீ பரவலைன்னா அதோட முடிஞ்சுது, முழு டெஸ்ட் காசு குடுக்க வேண்டியதில்ல. மொத்தமா ஒரே ரேட்டா பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) போட்டுட்டா அந்தக் காசு திரும்பாது. அதோட டிஎஸ்சி, ஈரப்பதம், பார்ட்டிகிள் சைஸ் எல்லாம் உள்ள அடக்கமா தனியான்னு கேளுங்க, மிச்ச சாம்பிளை யாரு டிஸ்போஸ் பண்றதுன்னு கேளுங்க, ரிப்போர்ட்ல பேரு ஸ்பெல்லிங் மாத்தணும்னா ரீ-இஷ்யூ சார்ஜ் எவ்வளவுன்னும் கேளுங்க. இதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும். எங்க கேஸ்ல டெஸ்டுக்கு ஆன காசை விட, சரக்கு கிளம்ப முடியாம குடோன்ல நின்னதுக்கு ஆன காசு ஜாஸ்தி.

5. சாம்பிள்: எல்லாமே கெட்டுப்போற இடம்

மத்ததை எல்லாம் வேகமா படிச்சாலும் இதை நிதானமா படிங்க.

எங்க முதல் சாம்பிளை ஷிஃப்ட்ல இருந்த தம்பி எடுத்தான், அவன் மேல தப்பே இல்ல, "ஒரு கிலோ சாம்பிள் எடுத்து வை"ன்னு மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன். அவன் சென்ட்ரிஃப்யூஜ்லேருந்து இறங்கின, இன்னும் காயாத வெட் கேக்கை எடுத்துட்டான். ஐப்பசி மாசம், வெளிய நாலு நாளா மழை. லேப்ல அந்த பாக்கெட்டை பிரிச்ச ஃபோட்டோ ரிப்போர்ட் கடைசில இருந்துச்சு, பாலிதீன் கவரோட உள்பக்கம் பொடிப்பொடியா தண்ணி கோத்து நிக்குது. ரிப்போர்ட்ல ஈரப்பதம் 6.1 சதவீதம்னு போட்டு, கீழ "தீ பரவவில்லை"ன்னு முடிவு. எங்க ஸ்பெக் 0.5 சதவீதம். கஸ்டமர் ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, "நீங்க டெஸ்ட் பண்ணின பொருளைத்தான் எங்களுக்கு விக்கிறீங்களா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதானே.

ரூல் ஒண்ணுதான், டிரம்ல எது போகுதோ அதுதான் லேபுக்கு போகணும். ட்ரையர்லேருந்து இறங்கி, மில்லுல அரைச்சு, சலிச்சு, பேக்கிங்குக்கு ரெடியா இருக்கற பேட்ச்லேருந்து எடுங்க. ஒரே பொருளை நைஸ் பவுடராவும் குருணையாவும் விக்கிறீங்கன்னா நைஸ் பவுடரை அனுப்புங்க, தீ அதுலதான் வேகமா ஓடும். குருணையை டெஸ்ட் பண்ணிட்டு அந்த ரிப்போர்ட்ல பவுடரை அனுப்பறது நடக்காத காரியம். ஃபைன்ஸ் (ரொம்ப நைஸான தூள்) எல்லாம் டப்பா அடில உக்காந்துடும், அதனால மேலாக அள்ளாம கலக்கி எடுங்க.

எவ்வளவு வேணும்ங்கறதுக்கு நீங்களே கணக்கு போட்டுக்கலாம். முழு டெஸ்ட்ல ஒரு தடவைக்கு முக்கோண அச்சு, 20 மில்லிமீட்டர் அகலம், 10 உயரம், 250 நீளம், அது 25 மில்லி. ஆறு தடவைக்கு 150 மில்லி, ஸ்க்ரீனிங்குக்கு ஒரு 50 மில்லி. பல்க் டென்சிட்டி 0.5னா மொத்தம் 100 கிராம்தான். ஆனா தூக்கி கொட்டினது சரியில்லைன்னா திரும்ப பண்ணணும், ஈரம் பாக்கணும், அதனால அரைக் கிலோ அனுப்புங்க. அதே பேட்ச்ல இன்னொரு அரைக் கிலோ உங்ககிட்ட சீல் பண்ணி வச்சுக்கங்க.

பேக் பண்ணும்போது ரெண்டு பாலிதீன் லைனர், மேல வாய் அகலமான ஹெச்டிபிஇ பாட்டில், மூடி மேல டேப். லேபிள்ல பேட்ச் நம்பர், எடுத்த தேதி, அன்னைக்கு பாத்த ஈரப்பதம். கூடவே சிஓஏ (அந்த பேட்சுக்கு நாம குடுக்கற டெஸ்ட் சர்டிஃபிகேட்) காப்பியும் வைங்க, லேப் பாக்கற ஈரமும் நம்ம சிஓஏல இருக்கறதும் ஒத்துப்போனாலே பாதி கேள்வி வராது.

6. சாம்பிளை கொண்டு போறது

கிளாஸ் என்னன்னு தெரியாததாலதான் டெஸ்டுக்கே அனுப்பறோம், ஆனா கூரியர்காரர் முதல்ல கேக்கறதே கிளாஸ் என்னன்னுதான். இதுக்கு யூஎன் விதிலயே வழி இருக்கு. உங்களுக்கு தெரிஞ்ச வரைக்கும் எது பொருந்துமோ அந்த கிளாஸை தற்காலிகமா போட்டு, ஷிப்பிங் பேரோட "சாம்பிள்"ங்கற வார்த்தையை சேத்து, ஒரு பேக்கேஜ்ல 2.5 கிலோவுக்கு மிகாம, உள் டப்பா வெளி டப்பான்னு காம்பினேஷன் பேக்கிங்ல அனுப்பலாம். வெடிபொருள்னு சந்தேகம் இருந்தா இந்த வழி கிடையாது. "ஹெர்பல் பவுடர்"னு எழுதி சாதா கூரியர்ல போட்டுடலாம்னு யோசனை சொல்றவங்க இருப்பாங்க, அந்த பார்சல் ஃப்ளைட்ல ஏறிடும்ங்கறதை நினைச்சு பாருங்க. நாங்க ரெண்டாவது தடவை கம்பெனி வண்டியிலயே எஸ்டிஎஸ், ட்ரெம் கார்டோட (டிரைவருக்கான அவசர குறிப்பு அட்டை) கொண்டு போய் குடுத்துட்டோம், டீசல் செலவுதான்.

7. டெஸ்ட் அன்னைக்கு என்ன நடக்கும்

முடிஞ்சா நேர்ல போய் நின்னு பாருங்க. சில லேப் இதுக்கு விட்னெஸ் சார்ஜ் கேப்பாங்க, குடுக்கலாம்.

முதல்ல ஸ்க்ரீனிங். சூடு கடத்தாத ஒரு தட்டு மேல பவுடரை 250 மில்லிமீட்டர் நீளம், 20 அகலம், 10 உயரத்துக்கு சின்ன வரப்பு மாதிரி போடுவாங்க. ஒரு முனைல குறைஞ்சது 1000 டிகிரி செல்சியஸ் சூடுள்ள கேஸ் பர்னர் தீயை அதிகபட்சம் 2 நிமிஷம் காட்டுவாங்க. 2 நிமிஷத்துக்குள்ள தீயோ கனலோ 200 மில்லிமீட்டர் ஓடலைன்னா இது ஃப்ளேமபிள் சாலிட் இல்ல, அத்தோட முடிஞ்சுது. ஜ்வாலை தெரியணும்னு இல்ல, ஊதுபத்தி மாதிரி கனன்னுக்கிட்டே போனாலும் பரவினதாத்தான் கணக்கு.

ஓடிடுச்சுன்னா முழு டெஸ்ட். முக்கோண அச்சுல பவுடரை நிரப்பி, 20 மில்லிமீட்டர் உயரத்துலேருந்து மூணு தடவை தட்டி அமுக்கி, தட்டை மேல மூடி கவுத்து அச்சை எடுப்பாங்க, புட்டு எடுக்கற மாதிரிதான். ஒரு முனைல பத்த வைப்பாங்க. முதல் 80 மில்லிமீட்டரை விட்டுடுவாங்க, அடுத்த 100 மில்லிமீட்டர் எரிய எவ்வளவு நேரம்ங்கறதுதான் கணக்கு. 45 செகண்டுக்கு கீழ போனா, அதாவது செகண்டுக்கு 2.2 மில்லிமீட்டரை தாண்டினா, கிளாஸ் 4.1. அந்த 100 மில்லிமீட்டர் முடிஞ்சு இன்னும் 30, 40 மில்லிமீட்டர் தள்ளி, பத்த வைக்கறதுக்கு முன்னாடியே 1 மில்லி வெட்டிங் சொல்யூஷனை சொட்டு சொட்டா விட்டு நனைச்சிருப்பாங்க. தீ அங்க வந்து குறைஞ்சது 4 நிமிஷம் நின்னுட்டா பேக்கிங் குரூப் 3, ஈரத்தையும் தாண்டி போயிட்டா பேக்கிங் குரூப் 2. வெறும் தண்ணி நிறைய பவுடர்ல இலை மேல விட்ட மாதிரி உருண்டு ஓடிடும், அதனாலதான் அந்த சொல்யூஷன். அது முழு குறுக்களவும் நனைஞ்சிருக்கான்னு குனிஞ்சு பாருங்க.

நாங்க போன அன்னைக்கு நடந்ததை சொல்றேன். தீ பெருசா எல்லாம் இல்ல, நகக்கண் அளவுக்கு ஆரஞ்சு கலர்ல, பின்னாடி கறுப்பா உருகின கோடு விட்டுக்கிட்டே நகருது, அதுக்கு முன்னாடி பவுடர் லேசா உருகி பளபளன்னு ஆகி அப்புறம் பத்துது. முதல் தடவை 52 செகண்ட், அடுத்து 49, 50, 47. நாலு தடவை தாண்டினதும் எனக்கு மூச்சு வந்துச்சு. ஒவ்வொரு தடவைக்கும் புது தட்டு, சுத்தமா, ஆறினதா. அஞ்சாவது தடவை ஸ்டாப்வாட்ச் 44ல நின்னுச்சு. சரி ஆவரேஜ் போட்டா 48 வருமே சார்னு டெஸ்ட் எடுத்தவர்கிட்ட கேட்டேன். "இதுல ஆவரேஜ் கிடையாது சார், ஆறுல ஒண்ணு 45க்கு கீழ வந்தாலே 4.1தான்"னு சொல்லிட்டு அவர் அடுத்த வேலையை பாக்க ஆரம்பிச்சுட்டாரு. அவர் சொன்னது சரி, விதி அப்படித்தான். பாசிடிவ் வந்துட்டா மிச்சத்தை ஓட்ட வேண்டியதும் இல்ல. எங்க நல்ல நேரம், ஈரம் பண்ணின இடத்துல தீ நின்னுடுச்சு. 4 நிமிஷமும் அந்த புகையையே பாத்துக்கிட்டு நின்னேன், அப்புறம் அதுவும் அடங்கிடுச்சு. பேக்கிங் குரூப் 3.

மெட்டல் பவுடர்காரங்களுக்கு கணக்கே வேற. சிவகாசி பக்கம் அலுமினியம் பவுடர் டீல் பண்றவங்க கவனிங்க, பர்னர் 5 நிமிஷம் வரைக்கும், ஸ்க்ரீனிங் 20 நிமிஷம், ஈரம் பண்றது கிடையவே கிடையாது. முழு நீளமும் 5 நிமிஷத்துக்குள்ள பரவினா குரூப் 2, 5க்கு மேல 10க்குள்ளன்னா குரூப் 3. இவங்க தண்ணியோட ரியாக்ட் ஆகுதான்னு என்.5 டெஸ்டையும் சேத்து யோசிக்கணும்.

டேபிள் வேலை அரை நாள்தான். க்யூவும் ரிப்போர்ட்டும்தான் நாளை தின்னும், எங்களுக்கு சாம்பிள் குடுத்த நாள்லேருந்து கையெழுத்து போட்ட ரிப்போர்ட் வர 19 நாள் ஆச்சு.

8. டிராஃப்ட் ரிப்போர்ட்லயே சரி பாருங்க

ஃபைனல் ஆகறதுக்கு முன்னாடி டிராஃப்ட் கேளுங்க. பாக்க வேண்டியது: பொருள் பேரும் சிஏஎஸ் நம்பரும் (கெமிக்கலோட அடையாள எண்) எஸ்டிஎஸ்ல இருக்கற மாதிரியே இருக்கா, பேட்ச் நம்பர், ஈரப்பதம், பார்ட்டிகிள் சைஸ், ஒவ்வொரு ஓட்டத்தோட செகண்டும் தனித்தனியா, வெட்டட் ஜோன்ல எவ்வளவு நேரம் நின்னுச்சு, ஃபோட்டோ. மேனுவலோட எந்த ரிவிஷன்னும் போட்டிருக்கணும். "பாஸ்"னு ஒத்த வார்த்தைல முடிச்ச ரிப்போர்ட்டை வாங்காதீங்க, நம்பர் இல்லாத ரிப்போர்ட்டை ஷிப்பிங் லைன் மதிக்காது.

9. 4.1 வந்துட்டா உடனே பண்ண வேண்டியது

எஸ்டிஎஸ்ல 2, 9, 14 மூணு பிரிவும் மாறும். குரூப் 2னா ஜிஹெச்எஸ் கேட்டகரி 1, சிக்னல் வேர்டு "டேஞ்சர்". குரூப் 3னா கேட்டகரி 2, "வார்னிங்". ரெண்டுக்குமே ஹெச்228 (தீப்பிடிக்கிற திடப்பொருள்ங்கற எச்சரிக்கை வாசகம்), தீ படம். எங்களுது யூஎன் 1325, ஃப்ளேமபிள் சாலிட், ஆர்கானிக், என்.ஓ.எஸ். இந்த என்.ஓ.எஸ் (லிஸ்ட்ல தனிப் பேரு இல்லாதது) வந்தா பக்கத்துல டெக்னிக்கல் பேரு எழுதியே ஆகணும். எங்க ஆளுங்க ட்ரேட் நேம் போட்டு டிஜி (டேஞ்சரஸ் கூட்ஸ்) டிக்ளரேஷன் அனுப்ப, அது ரிஜெக்ட் ஆகி ரெண்டு நாள் போச்சு, கெமிக்கல் பேருதான் வேணும்.

டிரம்மை மறந்துடாதீங்க. சாதா ஃபைபர் டிரம் இனிமே செல்லாது, யூஎன் மார்க் உள்ளது வேணும், நம்ம நாட்டுல இண்டியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் பேக்கேஜிங் சர்டிஃபிகேட் குடுக்கறாங்க, சென்னைலயும் ஆபீஸ் இருக்கு. மார்க்ல எக்ஸ் இருந்தா எல்லா குரூப்புக்கும், ஒய் இருந்தா 2, 3க்கும், இசட் இருந்தா 3க்கு மட்டும். டிரம் சப்ளையர்கிட்ட சர்டிஃபிகேட் காலாவதி தேதியை வாங்கி பாத்துட்டு ஆர்டர் போடுங்க. ரிப்போர்ட்டுக்காக காத்துக்கிட்டு இருக்கற நாள்லயே இதை விசாரிச்சு வச்சீங்கன்னா ரெண்டு வாரம் மிச்சம். சாம்பிள் அளவுல அனுப்பறவங்களுக்கு ஒரு சலுகை இருக்கு, உள் டப்பா குரூப் 3னா 5 கிலோ வரைக்கும், குரூப் 2னா 1 கிலோ வரைக்கும் லிமிடெட் குவான்டிட்டில போகலாம்.

அப்புறம் ப்ளாண்ட்ல சொல்லி வைங்க, மில் ஜல்லடையையோ, ட்ரையர் டெம்பரேச்சரையோ, கிரிஸ்டலைசேஷன் சால்வென்ட்டையோ மாத்தினா க்யூஏக்கு முன்கூட்டி தெரியணும்னு. இப்ப எங்க மில் ரூம் கதவுல ஒரு ஏ4 தாள் ஒட்டியிருக்கு, அதுல ஜல்லடை மெஷ் நம்பரும் ரிப்போர்ட் நம்பரும் மட்டும்தான். மெஷ் மாறினா அன்னைக்கே அந்த ரிப்போர்ட்டை ஃபைல்லேருந்து எடுத்துட்டு புது சாம்பிள் கட்டறோம்.